பல்லும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்

"உசிரே இழுபறியா இருக்கு, இதுல பல்லு என்னத்துக்கு?" எஹலியகொடையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் டயலிசிஸுக்குப் போய்வரும் ஒருவர் பல் வலிக்கிறது என்று சொன்னால் முதலில் கிடைக்கிற பதில் இதுதான். சொல்கிறவர்கள் பாசமுள்ள மனிதர்கள்: மனைவி, மூத்த மகன், பக்கத்துக் காம்பராக்காரர். நோயாளியே தனக்குத்தானே சொல்லிக்கொள்வதும் உண்டு. படித்தவர்கள் இதையே முன்னுரிமை என்று சொல்கிறார்கள். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு முதலில் டயலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்பு, பிறகு பிரஷர், சீனி, இரத்தசோகை; பல் கடைசியில், நேரம் கிடைத்தால். அந்த நேரம் கிடைப்பதே இல்லை.

இந்த எண்ணம் தவறானது, ஆட்களுக்குக் கேடு செய்வது. டயலிசிஸ் செய்துகொள்கிறவருக்கு வாயைக் கவனிப்பது மற்றவர்களைவிட அவசரமான தேவை. அதைக் கடைசியில் தள்ளிவைப்பது அவருடைய தண்ணீர்க் கட்டுப்பாட்டையும் சாப்பாட்டையும் கெடுக்கிறது, மாற்றுச் சிறுநீரகம் பெறும் வாய்ப்பையும் தள்ளிப்போடுகிறது.

இலங்கையில் சிறுநீரக நோய் என்றதும் எல்லாருடைய கவனமும் ரஜரட்டைப் பக்கம் போகிறது. 1990களிலிருந்து அநுராதபுரம், பொலன்னறுவை விவசாயக் குடும்பங்களை அழித்துவரும், காரணம் இன்னும் உறுதியாகாத அந்த நோயைப் பற்றி எவ்வளவு பேசினாலும் தகும். பொலன்னறுவையில் சீன உதவியுடன் கட்டிய சிறுநீரக வைத்தியசாலை 2021இல் திறக்கப்பட்டதும் நல்ல காரியம். உலர் வலயத்தின் கிணற்று நீரில் ஃபுளோரைட் அதிகம் என்பதால் அங்கே பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிவதைக்கூட ஆய்வாளர்கள் சிறுநீரகப் பேச்சோடு சேர்த்தே பார்க்கிறார்கள். எஹலியகொடை இருக்கும் சப்ரகமுவவின் மழைப் பகுதியில் நிலைமை வேறு. இங்கே தோட்டத்து ஆளின் சிறுநீரகத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் நாம் கண்டுகொள்ளாமல் விடுகிற நீரிழிவும் பிரஷரும்தான். நீரிழிவுக்கும் ஈறு நோய்க்கும் இருவழிப் போக்குவரத்து உண்டு. இரத்தத்தில் சீனி கூடினால் ஈறு சீக்கிரம் அழுகும். ஈறு அழுகிக் கிடந்தால் சீனியைக் கட்டுக்குள் கொண்டுவருவது கடினமாகும். அதனால் நம்முடைய ஆள் டயலிசிஸ் நாற்காலியில் முதல்முறை உட்காரும்போதே பாதிப் பல் ஆடிக்கொண்டிருக்கும். 'சிறுநீரகம் போன பிறகு பல் எதற்கு' என்று கேட்கிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் பார்க்கிறார்கள். இரண்டும் பல வருடங்களாகச் சேர்ந்தே கெட்டுவந்தவை.

இனி டயலிசிஸ் தொடங்கியபின் வாய்க்குள் நடப்பதைப் பார்ப்போம். சிறுநீர் போவது அநேகமாக நின்றுவிட்டவருக்கு ஒரு நாளைக்கு அரை லீற்றர், முக்கால் லீற்றர் தண்ணீர்தான் அளவு. அதற்குள் தேத்தண்ணியும் அடக்கம், குழம்பும் அடக்கம், மாத்திரை விழுங்குகிற மடக்கும் அடக்கம். பிரஷருக்குக் குடிக்கும் சில மருந்துகளும் வாயை உலரவைக்கும். இரவில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு, விடியற்காலையில் பேச்சு வருவதற்கே கொஞ்ச நேரம் எடுக்கும். உமிழ்நீர் இருக்கும்வரை அதுதான் பல்லின் காவல்: அமிலத்தைக் கழுவும், கிருமியை அடக்கும். அது வற்றியதும் பல் சொத்தையாகும், வாயின் ஓரம் வெடிக்கும், நாக்கில் வெள்ளைப் படலமாகப் பூஞ்சை பிடிக்கும். வறட்சி தாங்காமல் டொபி வாங்கி வாயில் அடக்கிக்கொள்பவர்களைப் பஸ்ஸில் பார்க்கிறோம். நீரிழிவுக்காரர் வாயில் நாள் முழுக்கச் சீனி கரைகிறது.

இரத்தத்தில் தேங்கும் யூரியா உமிழ்நீரிலும் இறங்குகிறது. வாயில் இருக்கும் கிருமிகள் அதை அமோனியாவாக உடைக்கின்றன. 'வாயில மூத்திர வாடை' என்று நம் ஆட்கள் கூச்சத்தோடு சொல்வது அதைத்தான். எதைச் சாப்பிட்டாலும் இரும்பை நக்கியதுபோல ஒரு சுவை வருகிறது என்பார்கள். ஆள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைக்கிறார். பேசினாலும் துவாயை வாயருகே பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிப் பேசுகிறார். பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் தயங்குகிறார். இந்த அவமானத்தை நோயின் கணக்கில் எழுதுவதற்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை. அதே யூரியா வாயின் அமிலத்தைக் குறைத்து, காறை வேகமாகப் படிய வழிசெய்கிறது. கீழ்வரிசை முன்பற்களின் உட்பக்கத்தில், கேத்தலின் அடியில் உப்புப் படிவதைப்போல அது கெட்டியாக ஏறிக்கொண்டே வரும். வீட்டில் எவ்வளவு துலக்கினாலும் அந்தக் கட்டி போகாது. பல் வைத்தியர் உரசி எடுக்கவேண்டும். அதை எடுக்காதவரை ஈறு அடியில் வீங்கிக்கொண்டே இருக்கும். பிரஷருக்குக் குடிக்கும் நிஃபெடிபின், அம்லோடிபின் மாத்திரைகள் சிலருக்கு ஈறையே தடிக்கவைத்துப் பல்லின்மேல் ஏறவைக்கும் என்பதும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டியது.

வறண்ட வாய் தாகத்தைக் கூட்டுகிறது. தாகம் கூடினால் ஆள் அளவைத் தாண்டிக் குடிக்கிறார். அடுத்த தடவை நிறை பார்க்கும் தராசில் ஏறும்போது 'தண்ணி கூடிப்போச்சு' என்று தாதி ஏசுகிறார். கூடிய தண்ணீரை அந்தச் சில மணி நேரத்துக்குள் இழுத்து எடுக்கும்போது பிரஷர் இறங்கும், கால் குரக்கை பிடிக்கும், தலை சுற்றும். எடுக்காமல் விட்டால் நெஞ்சில் தேங்கி மூச்சு முட்டும். ஏசுவதற்குப் பதிலாக அவருடைய வாய்க்குள் ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால், குளிர்ந்த தண்ணீரால் கொப்பளித்துத் துப்பலாம், சின்ன ஐஸ் கட்டியை வாயில் வைத்துக்கொள்ளலாம், சீனி சேராத சூயிங்கம் மெல்லலாம், நாக்கில் பூஞ்சை இருந்தால் மருந்து பூசலாம் என்று சொல்லியிருக்கலாம். தண்ணீர்க் கட்டுப்பாடு டயலிசிஸின் உயிர்நாடி என்று ஒத்துக்கொள்கிற ஒருவர், வாய் அதில் சேராது என்று எப்படிச் சொல்லமுடியும்?

சாப்பாட்டு விஷயம் இன்னும் மோசம். சிறுநீரகம் கெட்ட தொடக்கத்தில் புரதத்தைக் குறைக்கச் சொன்ன அதே வைத்தியர்கள், டயலிசிஸ் தொடங்கியதும் கூட்டச் சொல்வார்கள். ஏனென்றால் இரத்தம் இயந்திரத்துக்குள் போய்வரும் ஒவ்வொரு தடவையும் அமினோ அமிலங்கள் சில கிராம் கழிவோடு போய்விடுகின்றன. உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை என்பது இன்றைய வழிகாட்டல். ஐம்பது கிலோ நிறையுள்ள ஒரு பெண்ணுக்கு அது முட்டை, மீன், கோழி என்று தினமும் தட்டில் விழவேண்டிய பங்கு. வாங்குவதே கஷ்டம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். வீட்டார் எப்படியோ கடன்பட்டு ஒரு துண்டுக் கோழி ஆக்கிவைக்கிறார்கள். பெண்ணுக்கு மெல்லுவதற்குக் கடைவாயில் பல் இல்லை. இறைச்சியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, குழம்பை மட்டும் சோற்றில் பிசைந்து விழுங்குகிறார். காலையில் ரொட்டியைத் தேத்தண்ணியில் முக்கி ஊறவைத்துச் சாப்பிடுகிறார். புரதம் இறங்கவில்லை, தண்ணீர் ஏறிவிட்டது. அடுத்த இரத்தப் பரிசோதனையில் அல்புமின் குறைவு என்று வரும், 'ஒழுங்காச் சாப்பிடுறதில்லையா?' என்ற கேள்வியும் கூடவே வரும். பொஸ்பரசைக் கட்டுப்படுத்தத் தரும் கல்சியம் மாத்திரையைக்கூடச் சாப்பாட்டோடு மென்று விழுங்கவேண்டியிருக்கிறது. எதைக்கொண்டு மெல்லுவது?

'இதெல்லாம் வசதிக்குறைவு, உயிராபத்து இல்லை' என்று அடுத்த எதிர்வாதம் வரும். ஐரோப்பாவிலும் தென்னமெரிக்காவிலுமாக ஏழு நாடுகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட டயலிசிஸ் நோயாளிகளின் பல்லைச் சோதித்து, பின்னர் அவர்கள் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்று பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு 2015இல் வெளிவந்தது. சொத்தையான, இழந்த, அடைத்த பற்கள் பதினான்கும் அதற்கு மேலும் இருந்தவர்கள் மற்றவர்களைவிட முன்னதாக இறந்தார்கள். பல் துலக்குகிறவர்கள், தூரிகையை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்றுகிறவர்கள், கடந்த ஆறு மாதத்துக்குள் பல் வைத்தியரிடம் போனவர்கள் கூடுதலாக வாழ்ந்தார்கள். இதை வைத்துக்கொண்டு பல் துலக்கினால் ஆயுள் நீளும் என்று நான் முழங்கப்போவதில்லை. தன் பல்லைக் கவனிக்கிற மனிதர் மருந்தையும் சாப்பாட்டையும் கவனிக்கிறவராகவும் இருப்பார். கையில் கொஞ்சம் காசுள்ளவராகவும் இருப்பார். ஈறு நோயை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோது அதே ஆய்வுக் குழுவுக்கு மரணத்தோடு அத்தகைய தொடர்பு தென்படவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. ஆனாலும் பல் ஒரு பொருட்டே இல்லை என்பவர்கள் தங்கள் பக்கம் காட்டுவதற்கு என்ன வைத்திருக்கிறார்கள்? நாள்பட்ட அழற்சி இதயத்துக்கு ஆகாது என்பது மருத்துவம் ஒத்துக்கொண்ட விஷயம். டயலிசிஸ் நோயாளிகளை அதிகம் கொல்வதும் இதயநோய்தான். சீழ்கட்டிய ஒரு பல்வேரை அப்படிப்பட்ட உடம்புக்குள் மாதக்கணக்கில் விட்டுவைப்பதற்கு நியாயம் சொல்லவேண்டிய பொறுப்பு விட்டுவைக்கிறவர்களுடையது.

எல்லாவற்றையும்விட ஆழமாக வேரோடியிருக்கும் நம்பிக்கை ஒன்று உண்டு: டயலிசிஸ் ஆளின் பல்லைத் தொடக்கூடாது, தொட்டால் இரத்தம் நிற்காது. இதற்குள் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. யூரியா தேங்கிய இரத்தத்தில் தட்டணுக்கள் சரியாக வேலை செய்யாது. இயந்திரத்தில் இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரினும் ஏற்றுகிறார்கள். ஆனால் ஹெப்பரினின் வேகம் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். டயலிசிஸ் செய்த மறுநாள் காலை, இரத்தம் சுத்தமாகி, ஹெப்பரினும் தீர்ந்திருக்கும் நேரம், பல் பிடுங்குவதற்கு மிகப் பொருத்தமான நேரம். காயத்தைத் தையலிட்டு, உறையவைக்கும் பஞ்சை வைத்து, துணியைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொன்னால் பெரும்பாலானோருக்குப் போதும். விறைக்கப்போடும் லிக்னொகெயின் ஊசி கல்லீரலில் கரைவது. சிறுநீரகம் இல்லாவிட்டாலும் பிரச்சினை இல்லை. டயலிசிஸுக்காக இரத்தக்குழாயை இணைத்திருக்கும் கையில் பிரஷர் பட்டியைக் கட்டக்கூடாது, ஊசி குத்தக்கூடாது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளில் சிலவற்றின் அளவைக் குறைக்கவேண்டும். பல் வைத்தியர்கள் படிக்காத விஷயம் இதில் ஒன்றும் இல்லை.

அப்படியிருந்தும் நடப்பது வேறு. எனக்குத் தெரிந்த ஒருவர், றப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், கடைவாய்ப் பல் வலியோடு ஒரு வைத்தியசாலையின் பல் பிரிவுக்குப் போனார். டயலிசிஸ் என்று கேட்டதும், 'உங்க டொக்டர்கிட்ட கடிதம் வாங்கிட்டு வாங்க' என்று அனுப்பிவிட்டார்கள். கடிதம் கேட்டது சரிதான். டயலிசிஸ் செய்யும் இடத்தில் கேட்டபோது, 'பல்லு எங்க வேலை இல்ல, பல்லு டொக்டர்கிட்டயே கேளுங்க ஐயா' என்றார்கள். இரண்டு வாசலுக்கும் நடுவில் அந்த மனிதர் பாமசிக்குப் போனார். அங்கே விற்பவருக்கு இவருடைய சிறுநீரகக் கதை தெரியாது, இவரும் சொல்லவில்லை. டைக்ளோபெனாக் கொடுத்தார்கள். வலி கேட்டது, கேட்டதால் திரும்பத் திரும்ப வாங்கினார். கடைசியில் தாடை வீங்கி, கண் மூடி, காய்ச்சலோடு வாட்டில் சேர்த்தபோதுதான் அந்தப் பல்லைப் பிடுங்கினார்கள். பிடுங்கினதும் இரத்தம் நின்றது.

டைக்ளோபெனாக், ஐபியூபுரோபன் போன்ற வலி மாத்திரைகள் எஞ்சியிருக்கும் கொஞ்சநஞ்சச் சிறுநீரையும் நிறுத்திவிடக்கூடியவை, குடலில் இரத்தம் கசியச் செய்பவை. சிறுநீரகம் இன்னும் முழுதாகப் போகாமல் எல்லையில் நிற்கும் ஒருவர், பல்வலிக்காக இவற்றை விழுங்கி விழுங்கியே அந்த எல்லையைத் தாண்டிவிடலாம். பெனடோலோடு நிறுத்திக்கொண்டு பல்லைக் காட்டுவதுதான் வழி. கராம்பு வைத்துக் கடிப்பது வலியை மட்டுப்படுத்தும், சீழை எடுக்காது. பல் சின்ன விஷயம் என்று சொல்லிச் சொல்லியே அதைச் சிறுநீரகத்துக்கு எமனாக்கும் வேலையை நாம் செய்துகொண்டிருக்கிறோம்.

வெற்றிலையைப் பற்றிப் பேசாமல் தோட்டத்து வாயைப் பற்றிப் பேசமுடியாது. 'வெத்தல ஈறுக்கு நல்லது, வாய் நாத்தத்தப் போக்கும், தாகம் எடுக்காது' என்று டயலிசிஸ் நோயாளிகளுக்கே யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சப்ரகமுவ மாகாணத்தில் முப்பது வயதைத் தாண்டியவர்களிடம் ஹேமந்த அமரசிங்கவும் சக ஆய்வாளர்களும் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு, நூற்றுக்குப் பதினொரு பேருக்கு மேல் வாயில் புற்றுநோயாக மாறக்கூடிய மாற்றங்கள் இருந்ததைக் காட்டியது. வெற்றிலை போடும் வழக்கம் அதன் முதன்மைக் காரணங்களில் ஒன்று. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்திவிட்டது. சிறுநீரக நோயாளிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சுண்ணாம்பு என்பது கல்சியம். கல்சியம் மாத்திரையும் விற்றமின் 'டி' மருந்தும் எடுக்கிறவர் நாள் முழுக்கச் சுண்ணாம்பும் போட்டால் இரத்தத்தில் கல்சியம் ஏறிவிடும். வெற்றிலையோடு போட்ட சுண்ணாம்பால் கல்சியம் ஏறியதைத் தைவான் வைத்தியர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவருக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள் வாழ்நாள் முழுவதும் தேவைப்படும். அந்த மருந்துகளின் கீழ் வாய்ப் புற்றுநோயின் ஆபத்து இன்னும் கூடும்.

இதைச் சொல்லும்போது வேலைக்கு மலையேறும் பெண்களைக் குற்றவாளிகளாக்கும் எண்ணம் எனக்கில்லை. விடியலில் வெறுந்தேத்தண்ணியோடு இறங்கி, அட்டைக்கடியிலும் மழையிலும் மத்தியானம்வரை நிற்கிறவருக்குப் பசியை அமுக்குவதற்குக் கிடைத்த மலிவான துணை அந்த வெற்றிலைச் சுருள்தான். மழை பெய்தால் றப்பரில் பால் வெட்டு இல்லை, பால் வெட்டு இல்லையென்றால் அன்றைய சம்பளமும் இல்லை. அப்படிப்பட்ட வாழ்க்கையில் 'வெற்றிலையை விடுங்கள்' என்று ஒரு பதாகையை மாட்டிவிட்டுப் போவது வேலை முடிந்ததாகாது. ஆனால் சிறுநீரகம் போனபின், கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணிடம், 'அக்கா, பாக்கையும் பொயிலையும் சுண்ணாம்பையும் இனி உங்க ஒடம்பு தாங்காது' என்று அவருடைய மொழியில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லவேண்டும். வாய்க்குள் வெள்ளைத் தழும்பு, சிவந்த புண், வாய் திறக்க முடியாத இறுக்கம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதற்கு ஒரு டோர்ச்சும் ஐந்து நிமிடமும் போதும்.

மாற்றுச் சிறுநீரகம் என்று ஒரு நம்பிக்கையை வைத்துக்கொண்டு வாழும் குடும்பங்கள் பல. தங்கையோ மனைவியோ ஒரு சிறுநீரகம் தரச் சம்மதித்திருப்பார். பரிசோதனைகள் எல்லாம் சரியாக வந்து, கடைசியில் பல் வைத்தியரின் அனுமதிக்குப் போகும்போதுதான் வாயில் அரைடசின் சீழ்ப்பிடித்த வேர்கள் இருப்பது தெரியவரும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து தொடங்கிவிட்டால் அந்த வேர்களில் ஒன்றே ஆளை வீழ்த்தப் போதும். ஆகவே எல்லாவற்றையும் பிடுங்கி, காயம் ஆறி வரும்வரை சத்திரசிகிச்சை தள்ளிப்போகும். பல் கடைசியில் என்று வரிசை போட்டவர்கள் இந்த இடத்தில் என்ன பதில் சொல்வார்கள் என்று கேட்கிறேன். அவர்கள் எதை முதலில் வைத்தார்களோ, அதையே பல் மறித்து நிற்கிறது.

மிஞ்சியிருப்பது வசதி பற்றிய வாதம். 'ஆளணி இல்லை, நாட்டில் மருந்துக்கே தட்டுப்பாடு, இதில் டயலிசிஸ் நோயாளிக்குத் தனியாகப் பல் சிகிச்சையா?' 2022இன் பொருளாதார நெருக்கடியைப் பார்த்த யாரும் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் கேட்பது தனி வைத்தியசாலை இல்லை. அரசாங்க வைத்தியசாலைகளில் பல் வைத்தியர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், சிகிச்சையும் இலவசம். டயலிசிஸ் தொடங்குமுன் ஒருமுறையும் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் வாயைச் சோதிக்கும் வழக்கம் வேண்டும். டயலிசிஸ் பிரிவிலிருந்து பல் பிரிவுக்கு ஒரே தாளில் விவரம் போகவேண்டும்: எந்தெந்த நாளில் டயலிசிஸ், எந்தக் கையில் இணைப்பு, என்ன மருந்து, ஹெப்பரின் எவ்வளவு. அவிசாவளைக்கும் இரத்தினபுரிக்கும் நடுவில், ஏ4 வீதியில் இருந்து உள்ளே பல மைல் ஏறிப்போகிற தோட்டங்களிலிருந்து வருகிறவருக்கு வாரத்தில் இரண்டு பயணமே சுமை. முச்சக்கர வண்டிக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்துத் தீரவில்லை. சோதனையையும் காறை எடுக்கும் நாளைக் குறிப்பதையும் அவர் டயலிசிஸுக்கு வந்து காத்திருக்கும் அதே காலையில் முடித்துவிட்டால், பிடுங்கவேண்டிய பல்லுக்காக மட்டும் மறுநாள் இன்னொரு பயணம் போனால் போதும்.

இப்படி ஓர் ஏற்பாடு வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. வீட்டில் டயலிசிஸ் ஆள் ஒருவர் இருந்தால், கூடப்போகிற மகனோ மருமகளோ அடுத்த கிளினிக்கில் இதைக் கேட்கலாம்: "டொக்டர், அப்பாவுக்குப் பல்லு ஆடுது, சாப்பிட முடியல்ல. பல்லு டொக்டருக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்க." பல் பிரிவில் உட்காரும்போது கிளினிக் புத்தகத்தையும் குடிக்கிற மாத்திரைகள் எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு, டயலிசிஸ் நாட்களைச் சொல்லி, அதற்கு மறுநாள் காலையாகப் பார்த்து நாள் கேட்கவேண்டும். இரத்தம் நிற்காது என்று மறுத்தால், டயலிசிஸ் வைத்தியரோடு தொலைபேசியில் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள் என்று மரியாதையாக, ஆனால் விடாமல் கேட்கவேண்டும். எழும்பிப் போகச் சொன்னாலும் கடிதத்தில் காரணத்தை எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டுதான் எழும்பவேண்டும்.